அடுத்த தைப்பூசத்துக்கான காயை இப்போதே கேளுங்கள்: தண்ணீர்ப் பந்தல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தண்ணீர்மலையிலும் செபராங் பிறையிலும் தைப்பூசப் பந்தல் போடும் குழுக்களுக்கும், கோயில் அன்னதானப் பொறுப்பில் இருக்கும் ஐயாமார், அம்மாமாருக்கும் வணக்கம்.

பந்தலைப் பிரித்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து, வாடகைச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். உபயக்காரர்களுக்குக் கணக்குக் காட்டும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கு நோட்டு அலமாரிக்குள் போய்விட்டால் மறுபடி வெளியே வர மார்கழி ஆகிவிடும். மார்கழியில் வந்து எங்களிடம் காய் கேட்டால் நாங்கள் கையைத்தான் விரிக்க முடியும். அதனால்தான் மாசியிலேயே எழுதுகிறேன்.

நான் நிபோங் திபால் பக்கம் காய்கறி போடுகிறவன். நிலம் ஒன்றரை ரெலோங். ஏக்கர் கணக்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. எங்கள் வட்டாரத்தில் இப்படி இன்னும் சிலர் இருக்கிறார்கள். எஸ்டேட் வேலை போன பிறகு, லயத்து வீடுகளுக்குப் பின்னால் கத்தரியும் வெண்டியும் போட்டுப் பழகிய கையோடு விவசாயத்துக்கு வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். பெரிய விவசாயிகள் என்று யாரும் எங்களைச் சொல்ல மாட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டு உங்களுக்குத் தேவைப்படும் மஞ்சள் பூசணி, நீர்ப்பூசணி, சேனை, சர்க்கரைவள்ளி, இஞ்சி ஆகியவற்றில் ஒரு பகுதியை எங்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நாங்கள் நட்டு, எடுத்து, பக்குவமாகச் சேமித்து வைத்து, நீங்கள் குறிக்கும் நாளில் பந்தலுக்கே கொண்டுவந்து இறக்குகிறோம். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

நீங்கள் இப்போது காய் வாங்கும் விதத்தை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது எல்லாப் பந்தல்காரர்களும் ஒரே மொத்தச் சந்தையில், ஒரே விடிகாலையில் நிற்கிறீர்கள். சீனப் புத்தாண்டுக் கூட்டமும் அதே சமயத்தில் வந்து சேர்கிறது. இந்த ஆண்டு, 2026இல், பூசம் பிப்ரவரி 1, புத்தாண்டு பிப்ரவரி 17. அடுத்த ஆண்டு பூசம் ஜனவரி 22, புத்தாண்டு பிப்ரவரி 6. இரண்டு கூட்டமும் எப்போதும் இப்படி உரசிக்கொண்டேதான் வரும். அதற்கு முன்பே கேமரன் மலையில் ஆண்டுக் கடைசி மழை பெய்து, முட்டைக்கோசும் தக்காளியும் அடிபட்டிருக்கும். மண் சரிந்து சாலை அடைபட்டால் லோரி வராது. வடக்கே தாய்லாந்தை நம்பலாம் என்றால், 2025 நவம்பரில் ஹட்யாய் ஊரே தண்ணீரில் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த வழியாகத்தான் நமக்குத் தாய்லாந்துக் காய் வருகிறது. அந்த நேரத்தில் சந்தைக்காரர் சொன்னதுதான் விலை. உபயக்காரர் கொடுத்த பணத்தில் பத்து மூட்டை வாங்கலாம் என்று போனவர் ஏழு மூட்டையோடு திரும்புகிறார்.

இனி எங்கள் பக்கம். ஆவணி மாதத்தில் பூசணி மலிந்து கிடக்கும்போது லோரிக்காரர் வந்து ஒரு விலை சொல்வார். பேரம் பேச நமக்குப் பிடிமானம் கிடையாது. இன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்கு வீட்டு வாசலில் அழுகும் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். போன தடவை எனக்குக் கிடைத்த விலையில் பறிகூலி போக மிச்சம் பார்க்க முடியவில்லை. அதே பூசணி நான்கு மாதம் கழித்துப் பந்தலுக்கு என்ன விலைக்கு வந்தது என்று உங்கள் நோட்டில் இருக்கும். எனக்கு விற்க ஆள் இல்லாத மாதமும் உங்களுக்கு வாங்கக் காய் இல்லாத மாதமும் வேறு வேறு. நடுவில் இருக்கும் அந்த நான்கு மாதத்தைக் கடத்துவதுதான் பிரச்சினையே.

இதைக் குளிர் நாடுகளில் சின்னச் சின்னப் பண்ணைக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். என் தம்பி மகள் கனடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பனிக்காலம் முழுக்க ஒரே பண்ணையிலிருந்து காய்ப் பெட்டி வரும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, வெங்காயம், பூசணி. வெளியே முழங்கால் அளவு பனி. ஒரு செடி உயிரோடு இருக்காது. எல்லாம் இலையுதிர் காலத்தில் எடுத்துச் சேமித்தவை. கேரட்டையும் முட்டைக்கோசையும் 0 டிகிரிக்குப் பக்கத்தில், ஈரம் நிறைந்த அறையில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். வெங்காயத்துக்கு அதே குளிர் வேண்டும், ஆனால் காற்று காய்ந்திருக்க வேண்டும். பூசணிக்கு அந்தக் குளிரே ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனிப் பக்குவம். ஜப்பானில் நீகாத்தா பக்கம் கேரட்டைப் பிடுங்காமல் பனிக்கு அடியிலேயே விட்டுவைத்து, பனிக்காலம் முடியும்போது தோண்டி எடுக்கிறார்கள். இனிப்பு கூடிவிடுகிறதாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவர்களுடைய குளிர் அறை இல்லை. பணம் கைமாறும் விதம். பண்ணைக்காரர் விதை போடுகிற காலத்திலேயே வாடிக்கையாளர்கள் பங்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்த முறை 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு சிறு பண்ணைகளில் தொடங்கியது. ஜப்பானில் அதற்கும் முன்பே, 1970களில், வீட்டுப் பெண்கள் கூடி விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். யாருக்கு விற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் அறை கட்டுகிறார்கள். நம் ஊரில் யாராவது சேமிப்பு என்று பேச்செடுத்தால் முதலில் அறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாங்குகிற ஆள் இல்லாமல் அறையை வைத்து என்ன செய்வது?

நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் நெருக்கடிக் காலம் ஒன்று உண்டு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். நவம்பர் பாதிக்கு மேல் மெதுவாகக் குறைந்து, ஜனவரி, பிப்ரவரியில் நிலம் காய்ந்துவிடும். பூசத்தன்று வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தையில் கிடைக்க வேண்டிய காய் பூக்கிற, திரள்கிற காலம் சரியாகப் பெருமழையில் மாட்டிக்கொள்கிறது. மழையில் தேனீ வராது, பூசணிப் பூ கருகி விழும், பிடித்த பிஞ்சும் ஈரமண்ணில் கிடந்து அழுகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று என் தாத்தா சொல்வார். அவர் ஊருக்கு அது சரி. இங்கே ஆடியில் விதைத்தால் புரட்டாசி மழையில் மொத்தமும் போய்விடும். அவரும் இங்கே வந்து ஒன்றிரண்டு வருடத்தில் ஆடியை விட்டுவிட்டார், பழமொழியை மட்டும் விடவில்லை.

அதனால் எங்களுக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, மழைக்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்துக்குள் எடுத்துச் சேமித்துவிடுவது. மற்றது, அக்டோபர் நடுவில் மேட்டுப் பாத்தியில் விதை போட்டு, மழை ஓய ஓயக் காய்க்கவிட்டு, ஜனவரி தொடக்கத்தில் அறுப்பது. மஞ்சள் பூசணிக்கு இரண்டாவது வழிதான் சரி. விதைத்து மூன்று மாதத்துக்குள் காய் முற்றும். பறித்த பிறகு பூசம் வரைக்கும் சில வாரம் வைத்திருந்தால் போதும். மழை நீண்டு அந்தப் போகம் கெட்டுப்போனால் என்ன செய்வது? அதற்காக ஜூன் விதைப்பில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துச் சேமித்து வைக்க வேண்டும். இந்த இரட்டைப் போகத்துக்கு விதை, உரம், கூலி எல்லாம் இரண்டு பங்கு. யாரும் கேட்காமல் நாங்களாக அந்தச் செலவைச் செய்ய முடியாது.

நீர்ப்பூசணிக்கு இந்தக் கவலை குறைவு. முற்றிய நீர்ப்பூசணியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்கிறதே, அது மெழுகு. காய்க்குள் இருக்கும் தண்ணீரை அதுதான் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதைத் துடைக்காமல், காம்பைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். 13 முதல் 15 டிகிரியில் அரை ஆண்டுகூடத் தாங்கும். கடைக்காரர்கள் அழகுக்காகத் துடைத்துப் பளபளவென்று அடுக்கி வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆகஸ்ட்டில் பறித்த நீர்ப்பூசணி தையில் மோர்க்குழம்புக்கு வரும் என்று சொன்னால் பந்தல் சமையல்காரர்கள் சிலர் நம்ப மாட்டார்கள். ஒன்றைக் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

சர்க்கரைவள்ளி இன்னும் சுவாரசியம். தோண்டி எடுத்த கிழங்கில் மண்வெட்டி பட்ட காயம், உரசல் எல்லாம் இருக்கும். அந்தக் காயங்கள் ஆறி மேலே புதுத் தோல் கட்ட, 30 டிகிரிச் சூட்டிலும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரக் காற்றிலும் நான்கு முதல் ஏழு நாள் வைக்க வேண்டும். குளிர் நாட்டில் இதற்கென்றே அறையைச் சூடாக்கி, தண்ணீர் ஆவி விட்டு, மின்சாரத்துக்குச் செலவு செய்கிறார்கள். நமக்கு அந்தச் சூடும் ஈரமும் திண்ணையிலேயே இருக்கின்றன, காசு கிடையாது. அதன்பிறகு 13 முதல் 15 டிகிரிக்குப் போனால் நான்கு ஐந்து மாதம் தாராளமாகக் கிடக்கும், நாளாக ஆக இனிப்பும் கூடும். வெளிச்சூட்டிலேயே விட்டால் சில வாரத்தில் முளைவிட ஆரம்பிக்கும். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் அதைவிட மோசம். நடுவில் கட்டையாகி, வேகவே வேகாது. கூன்வண்டு துளைத்த கிழங்கு ஒன்று உள்ளே போனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். இது முழுக்கக் கைவேலை.

சேனையை மாசி, பங்குனியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் தழை மஞ்சளாகிச் சாயும். அப்போது தோண்டலாம். முற்றிய சேனைக்கு இயல்பாகவே ஓர் உறக்க காலம் உண்டு. முளைக்காமல் நிழலில் கிடக்கும். இஞ்சி, மஞ்சளுக்கும் கிட்டத்தட்ட அதே எட்டு ஒன்பது மாதக் கணக்கு. மரவள்ளி மட்டும் பிடிவாதக்காரி; தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடுவாள். அவளுக்கு மண்தான் குளிர்பெட்டி. வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பிடுங்கினால் போதும்.

மேலே சொன்ன காய்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி, சேனை, இஞ்சி, மஞ்சள். பொங்கலன்று நம் வீடுகளில் படைக்கிற, குழம்பில் போடுகிற சாமான்கள்தானே இவை? நம் பாட்டிமார் தை மாதச் சமையலை எடுத்து வைக்கத் தாங்குகிற காய்களைச் சுற்றித்தான் அமைத்திருக்கிறார்கள். கேரட்டும் முட்டைக்கோசும் பந்தல் சாம்பாருக்குள் பிறகு வந்தவை.

இப்போது அறைக்கு வருகிறேன், ஏனென்றால் செலவு என்றதும் எல்லோரும் பின்வாங்குவது இங்கேதான். குளிர் அறை என்றால் மீன் சந்தையில் இருக்கிற மாதிரி ஐஸ் கட்டும் அறை என்று நினைக்க வேண்டாம். எங்கள் காய்களுக்கு 10 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. சாதாரண வீட்டு ஏர்கோன் 16 டிகிரி வரை இறங்கும். சுவரும் கூரையும் சூடு புகாதபடி அடைத்த ஓர் அறை, ஓர் ஏர்கோன், மரத் தட்டுகள், ஒரு சின்ன மின்விசிறி. பூசணிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் 13 டிகிரி உத்தமம் என்றால் 16 டிகிரி பாதகமில்லை. 30 டிகிரியோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பறித்த காயும் மூச்சு விடுகிறது, பத்து டிகிரி சூடு கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்கு வேகமாகிறது. அதற்கேற்ற வேகத்தில்தான் காய் கெடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே மதிய வேளையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு, அங்கே தொங்கவிட்ட பூசணி ஏன் நிற்பதில்லை என்று புரியும்.

இந்தியாவில் செங்கல்லும் மணலும் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் தொட்டி ஒன்று உண்டு, மின்சாரமே வேண்டாம். டில்லிக் கோடையில் அருமையாக வேலை செய்யும். அதை இங்கே கட்டலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தண்ணீர் ஆவியானால்தான் தொட்டி குளிரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடக்கிறது, ஆவியாக இடம் எங்கே? இங்கே இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே பெரிது.

நிலத்தில் அறை கட்டலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். எங்களில் பலருடைய நிலம் அரசாங்க நிலம், இடைக்கால உரிமத்தில் இருக்கிறது. அந்த உரிமம் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது; பிறகு புதுப்பிக்க வேண்டும். தையில் விற்கப் போகும் சரக்கை, மார்கழியோடு உரிமம் முடிகிற நிலத்தில் சுவர் எழுப்பி வை என்றால் எவன் வைப்பான்? பழைய குளிர்சாதன லோரியின் பெட்டியை வாங்கி இறக்கி வைக்கலாம், தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்கும் மின்சார இணைப்பு வேண்டும்.

இங்கேதான் கோயில் நிர்வாகங்களிடம் இரண்டாவது வேண்டுகோள். செபராங் பிறையில் பல கோயில்களுக்கு மண்டபம் இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருக்கும். உடைந்த நாற்காலிகளும் பழைய பேனர்களும் கிடக்கும். மின்சாரம் இருக்கும், கூரை இருக்கும், இரவில் காவலுக்கு ஆள் இருப்பார். அப்படி ஓர் அறையை ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை எங்களுக்குக் கொடுங்கள். சூடு புகாத பலகையும் ஏர்கோனும் நாங்கள் பணம் போட்டு வைத்துக்கொள்கிறோம், மின்கட்டணமும் எங்களுடையது. ஒரு நிபந்தனை மட்டும்: அந்த அறையில் வாழைத்தாரைத் தொங்கவிட வேண்டாம். வாழை பழுக்கும்போது விடுகிற எத்திலின் வாயு பக்கத்தில் இருக்கும் காய்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பூசைக்கு வந்த தாரை எங்கே வைப்பது என்று குருக்கள் கேட்டால் அவரிடம் நானே பேசுகிறேன்.

பழைய காயைச் சாமி காரியத்துக்குக் கொடுப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு பந்தலில் போட்ட கேரட் எங்கே விளைந்தது? பெரும்பாலும் சீனாவில் விளைந்து, குளிர்க் கொள்கலனில் கடல் தாண்டி வந்தது. உருளைக்கிழங்கும் அப்படித்தான். அடுத்தவன் நாட்டுப் பண்ணைக்காரன் சேமித்து வைத்த காயைத்தான் நாம் புதுக் காய் என்று வாங்கிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் கொடுப்பது எந்தப் பாத்தியில், எந்த வாரம் பறித்தது என்று சொல்லிக் கொடுக்கிற காய். கீரை, வெண்டி, கத்தரி, பயற்றங்காய் இவற்றைச் சேமிக்க முடியாது. அவற்றை அன்றன்று பறித்துத்தான் கொடுப்போம், ஜனவரி வெயிலுக்கு அவை நன்றாகவே வரும்.

வெங்காயத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி, அடுத்த மே மாதம்தான் திறந்துவிட்டது. அந்த ஆண்டுப் பூசம் ஜனவரி 25. சின்ன வெங்காயத்துக்கு அலைந்தவர்களுக்கு மறந்திருக்காது. மார்டி என்கிற மலேசிய விவசாய ஆய்வுக்கழகம் நம் நாட்டுக்கேற்ற சின்ன வெங்காய ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் வெங்காயம் காய்ந்த காற்றில்தான் நிற்கும்; எங்கள் பக்கத்து ஈரத்தில், மழை மாதத்தில் அதை உலர்த்தி எடுத்து வைப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நிலம் போதுமா என்றால், கணக்குப் போடுவோம். ஐயாயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கும் பந்தலில் தலைக்கு 80 கிராம் பூசணி என்றால் 400 கிலோ. தோல், விதை கழிவோடு 500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரெலோங்கில் பூசணி சுமாராக வந்தாலே 4 டன் எடுக்கலாம். அப்படிப்பட்ட எட்டுப் பந்தலுக்கு ஒரு ரெலோங் போதும். நிலம் இருக்கிறது, கை இருக்கிறது. எட்டுப் பந்தல் எது எது என்று தெரியாததுதான் குறை. எல்லாப் பந்தலிலும் பூசணிச் சாம்பாரா என்று பக்தர்கள் சலித்துக்கொள்வார்கள் என்பதும் நியாயம். ஒரு பந்தல் சேனை வறுவல் போடட்டும், ஒன்று சர்க்கரைவள்ளிப் பாயசம் வைக்கட்டும், ஒன்று நீர்ப்பூசணிக் கூட்டு. குழுக்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டால் தேர் போகும் பாதை முழுக்க ஒரே தட்டை நீட்ட வேண்டியதில்லை. வடிவத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். பேரங்காடிக்காரர்கள் கோணலாக இருக்கிறது, பெரிதாக இருக்கிறது என்று தள்ளுகிற காய்தான் அண்டாச் சமையலுக்குச் சௌகரியம். பெரிய காயில் தோல் சீவுகிற வேலை குறைவு.

பண விஷயம். விதைக்கும்போது மொத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம். விலையை இப்போதே ஒரு வரம்புக்குள் பேசி எழுதிக்கொள்வோம். ஆவணி மலிவுக்கும் கீழே போகாமல், தைக் கிராக்கிக்கும் ஏறாமல். மீதி, காய் இறக்கிய அன்று. விளைச்சல் தவறினால் முன்பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் கழியும். கொடுக்க முடியாத அளவு எவ்வளவு என்று நவம்பர் கடைசிக்குள் சொல்லிவிடுவோம், நீங்கள் வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும். முதல் ஆண்டு உங்கள் தேவையில் கால் பங்குக்கு மேல் எங்களிடம் கொடுக்கவே வேண்டாம். நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது, பந்தலில் சோறு போடும்போது காய் இல்லை என்ற பேச்சே வரக் கூடாது.

முன்பணத்துக்குக் குழுவிடம் இப்போது பணம் இருக்காது என்று தெரியும். பூசத்துக்கு ஒரு மாதம் முன்புதானே உபயம் வசூலிப்பீர்கள். ஆனால் அரிசி உபயம், எண்ணெய் உபயம் என்று தனித்தனியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அதில் காய் உபயத்தை மட்டும் முன்னால் நகர்த்தினால் என்ன? ஒரு குடும்பம் ஒரு பாத்தி சேனையை உபயமாக எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து செடி வளர்வதைப் பார்க்கட்டும். பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்குச் சேனைத்தண்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது. பாம்புத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்பதைப் பார்த்து ஓடிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

ஏன் அரசாங்கத்திடம் கேட்காமல் எங்களிடம் கேட்கிறாய் என்பீர்கள். விளைபொருள் விற்பனையைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபாமா உழவர் சந்தை நடத்துகிறது, ஒப்பந்தப் பண்ணைத் திட்டமும் வைத்திருக்கிறது. மாநில விவசாயத் துறையில் நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களிடமும் போவோம். ஆனால் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, யார் வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதுதான். நாலு பந்தல் குழுக்களின் கையெழுத்தோடு போனால் அந்தப் பேச்சே வேறு. வாடிக்கையாளர் என்று பார்த்தால் உங்களைவிட உறுதியானவர் யார்? வெள்ளி ரதம் 1894 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. எந்தத் தேதியில் தேர் கிளம்பும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பத்து வருடத்துக்குச் சொல்லிவிடலாம். எந்தப் பேரங்காடியும் ஒரு விவசாயிக்கு அப்படித் தேதி சொல்லாது.

ஆகவே அந்த நோட்டு மூடுவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த ஆண்டு என்னென்ன காய், எத்தனை கிலோ, என்ன விலை என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். சித்திரைப் பிறப்புக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருநிலத்தில் உங்களுக்கு வசதியான ஒரு கோயில் மண்டபத்தைச் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம், உங்கள் சமையல்காரரையும் கூட்டி வாருங்கள். பூசணிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் அப்போது பேசினால் நேரம் இருக்கிறது. சேனைக்கும் இஞ்சிக்கும் இருக்காது. அவற்றைப் பங்குனிக்குள் ஊன்றியாக வேண்டும், விதைக்கிழங்கை வேறு இடத்திலிருந்து வரவழைக்கவும் நாள் ஆகும். அதனால் அந்த இரண்டுக்கு மட்டும் எத்தனை கிலோ என்று இந்த மாதக் கடைசிக்குள் தகவல் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நிபோங் திபால் வட்டாரச் சிறு விவசாயி ஒருவர்